நோய்க்கு வேர் சிறுவயதுத் துன்பமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பன் சபையோரே, வணக்கம்.

நடுவயதில் வரும் நோய்க்குப் பெரிதும் காரணம் இன்றைய பழக்கமா, சிறுவயதில் பட்ட துன்பமா? பழக்கமே என்று வாதாடினார் எதிரணித் தலைவர். பிரியாணியைக் குறை, நட, சிகரெட்டை விடு, சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அடங்கிவிடும் என்றார். கேடு என்று தெரிந்தும் இத்தனை பேரால் ஏன் விடமுடியவில்லை ஐயா?

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் உடல்பருமன் சிகிச்சை நடத்திய மருத்துவர் வின்சென்ட் பெலிட்டிக்கும் இதே திகைப்பு. எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனார்கள். உட்காரவைத்து விசாரித்தால், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். மருத்துவர் நோயாகப் பார்த்த தீனி, அவர்களுக்கு வலியைத் தணித்த வழி!

பின்பு அவரும் மருத்துவர் ராபர்ட் ஆண்டாவும் சேர்ந்து பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1998இல் முதல் அறிக்கை, 9,500க்கும் மேற்பட்டோர். கேட்டது ஏழு வகைத் துன்பம்: அடி, மனதை நொறுக்கும் வசை, பாலியல் கொடுமை, தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்வது, வீட்டில் குடி அல்லது போதை, வீட்டில் மனநோய் அல்லது தற்கொலை முயற்சி, வீட்டார் சிறை செல்வது. நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. மாரடைப்பு, புற்றுநோய், நுரையீரல், கல்லீரல் நோய்களும் படிப்படியாக ஏறின. இவர்கள் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், பலர் கல்லூரி போனவர்கள். ஆகவே வறுமைதான் காரணம் என்று தள்ளிவிட முடியாது. 2004இல் இதய நோயைத் தனியாக எடுத்து, புகை, பருமன் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் தொடர்பு முழுதாக மறையவில்லை. மனச்சோர்வும் கோபமும் அவற்றைவிடப் பெரிய பங்கு வகித்தன.

உடலுக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்றதும் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியை முடுக்குகிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் ஊறுகிறது, ரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறுகின்றன. அணைத்துத் தேற்ற ஒருவர் இருந்தால் சற்று நேரத்தில் எல்லாம் தணியும். பயமுறுத்துபவரே வீட்டில் இருந்தால்? தினமும் முடுக்கம், தணிப்பு இல்லை. நாளடைவில் அந்த அமைப்பே பழுதாகிறது: சிலருக்குக் கார்டிசால் ஓயாமல் ஏறும், சிலருக்கு வேண்டிய நேரத்தில்கூட எழாது. இடுப்பில் கொழுப்பு சேர்கிறது, இன்சுலின் வேலை செய்யத் தடுமாறுகிறது, உள்ளழற்சி தங்கிவிடுகிறது. நியூசிலாந்தின் டனீடினில் 1972–73இல் பிறந்த 1,037 குழந்தைகளைத் தொடர்ந்தார்கள். சிறுவயதில் கொடுமைப்பட்டவர்களுக்கு 32 வயதிலும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு கூடுதல்.

மனவுறுதி வேண்டும் என்றார் எதிரணியின் அடுத்த பேச்சாளர். ஆனால் சிறுவயதில் துன்பப்பட்டவர்களுக்கு, பயத்தை உணரும் மூளைப்பகுதியான அமிக்டலா மிகைவிழிப்பில் வளர்கிறது. ஆசையை அடக்கிப் பொறுக்கவைக்கும் முன்மூளைப் பகுதி அந்த நெருக்கடியிலேயே உருவாகிறது. அடிபட்ட உறுப்பிடமே பலத்தைக் கேட்கிறீர்கள்!

நம் ஊரையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய 1950ஆம் ஆண்டுக் குழுவாழ்விடச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்து வேரோடு பிடுங்கிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கிய குடும்பங்களின் குழந்தைகள் இன்று தாத்தா பாட்டிகள். பின்னால் வந்த பிள்ளைகளில் சிலர் ‘சுகர்ஸ்’ என்ற ஹெராயின் கலவையில் சிக்கினார்கள். இவர்களிடம் நாம் கேட்பது, என்ன சாப்பிட்டாய், ஏன் புகைத்தாய் என்பது மட்டுமே. என்ன பட்டாய் என்று கேட்பதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை துன்பம் பட்டார் என்ற இந்த எண்ணிக்கை ஒருவரின் ஜாதகம் அல்ல. கூட்டத்தின் ஆபத்தைக் காட்டும், தனி ஆளின் முடிவைச் சொல்லாது. ஏனென்றால் தேற்றும் பெரியவர் ஒருவர் கிடைத்தாலே போக்கு மாறக்கூடும். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகர அநாதைக் காப்பகங்களின் 136 குழந்தைகளில் வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்கள் தேறினார்கள். குறிப்பாக 2 வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டில் கேப்டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் கர்ப்பிணி வீடுகளுக்குப் போய், பிறந்த பின்னும் மாதக்கணக்கில் துணைநின்றார்கள். தாய்-சேய்ப் பிணைப்பு மேம்பட்டது.

எனவே பிள்ளையை அடிப்பதை நிறுத்துவது நீரிழிவுத் தடுப்பும்தான். பள்ளியில் அடிப்பது 1996இலேயே தடையாயிற்று. வீட்டில் ‘கண்டிப்புக்கு அடித்தேன்’ என்ற சட்டக் காப்பையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் நீக்கிவிட்டது. அடிகாயம், பாலியல் கொடுமை, வேண்டுமென்றே பராமரிக்காமல் விடுதல் நடந்திருக்கிறது என்று கருத நியாயமான காரணம் இருந்தால் ஆசிரியரும் மருத்துவரும் மட்டுமல்ல, சமயத் தலைவரும் கட்டாயம் புகாரளிக்க வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவு. நம் கோயில் குருக்களும் இதில் அடக்கம். அப்படிக் கருதும் காரணத்தைச் சொல்லி, படிவம் 22ஐ நிரப்பிச் சமூக நலத்துறையிடமோ காவல்துறையிடமோ கொடுங்கள். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. குழந்தையே பேச நினைத்தால் சைல்ட்லைன் உதவித் தொலைபேசி எண் 116, கட்டணமில்லை. அந்த எண் ஒவ்வொரு கோயில் மண்டபச் சுவரிலும் குழந்தையின் கண்மட்டத்தில் ஒட்டப்பட வேண்டும்.

நன்றி, வணக்கம்.