நியூ ஆர்லியன்ஸ் கிரியோல் உணவகம்: முதல்ல கம்போ சொல்லுங்க

[திரையில்: வெள்ளை விரிப்பு போட்ட மேசை, மெனு கார்டு]

அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பழைய கிரியோல் (பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆப்பிரிக்கச் சமையல் கலந்த உள்ளூர் பாணி) உணவகங்கள்ல மெனு நீளமா இருக்கும். ஆன்ட்வான்ஸ் 1840-ல தொடங்கினது, கேலட்வாஸ் 1905-ல. எங்க உட்கார்ந்தாலும் முதல்ல கம்போ சூப் சொல்லுங்க. அடுத்து மீன் சாப்பிடப் போறீங்கன்னா ஒரு கப் போதும், பெரிய கிண்ணம் வேண்டாம். சமையல்காரரோட பொறுமை அந்த ஒரு கப்புலயே தெரிஞ்சிடும்.

[திரையில்: கனமான பாத்திரம், மரக்கரண்டி]

கம்போவுக்கு உயிர் 'ரூ' (roux), அதாவது எண்ணெயில வறுத்த மாவு. ஒரு கப் எண்ணெய்க்கு ஒரு கப் மைதா. மிதமான தீயில 30-லிருந்து 45 நிமிஷம் கை எடுக்காம கிளறணும். வெளுப்பா இருக்குற மாவு பழுப்பாகி, கடைசியில சாக்லேட் நிறத்துக்கு வரும். கருப்புப் புள்ளி தெரிஞ்சா கருகிடுச்சுன்னு அர்த்தம். கொட்டிட்டுத் திரும்ப ஆரம்பிக்கணும், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது.

நிறம் வந்ததும் உடனே நறுக்கின காய்: வெங்காயம் ரெண்டு பங்கு, செலரி ஒரு பங்கு, குடைமிளகாய் ஒரு பங்கு. காயோட ஈரம் ரூவோட சூட்டை இறக்கி, மேற்கொண்டு கருகாம காப்பாத்தும். தெறிக்கும், தள்ளி நில்லுங்க. சூடான ரூ தோல்ல ஒட்டிக்கும்.

ரூ கருகாம அடர் பழுப்பா வறுபட்டா ருசி கூடும், ஆனா மாவுச்சத்து உடைஞ்சு குழம்பைக் கெட்டியாக்குற சக்தி குறையும். அதை ஈடுகட்டத்தான் மேற்கு ஆப்பிரிக்கர் வழி வந்த வெண்டைக்காயும், சாக்டா பழங்குடியினர் தந்த ஃபிலேயும். ஃபிலேங்கறது சாஸஃப்ராஸ் மரத்து இலையைக் காயவெச்சு இடிச்ச பொடி. அடுப்பை அணைச்ச பிறகுதான் போடணும், கொதிச்சா நூல் நூலா இழுக்கும்.

[திரையில்: கம்போ கிண்ணம், நடுவில் சோறு]

மேசைக்கு வந்ததும் பாருங்க. மேல எண்ணெய் மிதந்தா, அதை வழிச்சு எடுக்கலைன்னு அர்த்தம். இறால் ரப்பர் மாதிரி இருந்தா, கடைசி சில நிமிஷத்துல போட வேண்டியதை முன்னாடியே போட்டுட்டாங்க. சோறு தனியா வெந்து, பரிமாறும்போதுதான் சேரணும்.

அடுத்து வெண்ணெய் சாஸ் ஊத்தின டிரவுட் மீன். இனிப்புக்கு பனானாஸ் ஃபாஸ்டர்: வாழைப்பழத்துல ரம் ஊத்தி மேசை பக்கத்துலயே கொளுத்துவாங்க. 1951-ல பிரென்னன்ஸ் உணவகத்துல பிறந்தது.

பெரிய வியாழன் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) அன்னிக்கு ஊர்ல இருந்தா, சமையல்காரர் லியா சேஸ் புகழ் சேர்த்த டுக்கி சேஸ் உணவகத்துல கீரைக் கம்போ கிடைக்கும். கூட்டம் அதிகம், முன்பதிவு அவசியம். கீரைன்னதும் சைவம்னு நினைச்சிடாதீங்க, ஹாமும் சாசேஜும் உள்ளே உண்டு.