கூனி ஏன் சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும்?

நடுவர் ஐயாவுக்கும் போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும் வணக்கம். வேலை எதுவும் செய்யாமல் ஆண்டவருக்கென்று ஒதுக்கும் ஏழாம் நாளாகிய ஓய்வுநாளின் பொருளைப் பெரிதும் விளக்குவது அதை ஆசரிக்கச் சொன்ன சீனாய் மலைக் கட்டளையா, இயேசுவின் அற்புதங்களா? அற்புதங்களே என்று பேச வந்திருக்கிறேன்.

ஓய்வுநாளில் இயேசு சுகமாக்கிய கூன் விழுந்த பெண்ணைப் பற்றி எதிரணித் தலைவர் அண்ணன் சற்றுமுன் ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். "18 வருஷம் பொறுத்த கூனி, சாயங்காலம் வரை பொறுத்தால் குடியா முழுகிவிடும்? சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள் முடிந்தது. அதன்பிறகு சுகமாக்கியிருந்தால் கட்டளையும் பிழைத்திருக்கும், கூனும் நிமிர்ந்திருக்கும்" என்றார். என் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். ஓய்வுநாள். ஜெபஆலயத்தில் இயேசு போதித்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருத்தி, 18 வருஷமாக நிமிர முடியாதவள். கூன் விழுந்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? எதிரே வருகிறவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது, செருப்புத்தான் தெரியும். யாராவது பேசினால் கழுத்தை ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் மேலே பார்க்க வேண்டும். வருஷத்துக்கு 52 என்று கணக்குப் போடுங்கள், 936 ஓய்வுநாள்! ஊரே ஓய்ந்திருந்த அத்தனை நாளில், அவள் முதுகு ஒரு நாளாவது ஓய்ந்ததா?

அவள் கேட்கவும் இல்லை, அதைக் கவனியுங்கள். குருடன் பர்திமேயு வழியோரத்தில் இருந்து இயேசுவைக் கத்திக் கூப்பிட்டான். பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கு உள்ள ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொட்டாள். இவள் வாயே திறக்கவில்லை. அவர்தான் கண்டார், கூப்பிட்டார், கைகளை வைத்தார். நிமிர்ந்தாள்! மறுபடியும் சொல்கிறேன்: கண்டார், கூப்பிட்டார், கைகளை வைத்தார், நிமிர்ந்தாள்! 18 வருஷத்துக்குப் பிறகு தலையை நிமிர்த்தி அவள் முதன்முதலில் பார்த்த முகம் யாருடைய முகம், அண்ணே?

ஜெபஆலயத் தலைவனுக்குக் கோபம் வந்தது. அவரிடம் கேட்கத் துணிவில்லாமல் ஜனங்களைப் பார்த்துச் சொன்னான்: வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சுகமாகுங்கள் என்று. அந்த ஆறு நாட்களில் அவளைக் கூப்பிட்டது யார்? இயேசு திருப்பிக் கேட்டார்: ஓய்வுநாளில் உங்கள் எருதையும் கழுதையையும் தொழுவத்தில் இருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, சாத்தான் 18 வருஷமாகக் கட்டிவைத்த இந்த ஆபிரகாமின் குமாரத்தியை அவிழ்க்கக் கூடாதா? மாட்டின் தாகத்தைச் சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மனுஷியை மட்டும் பொறுக்கச் சொல்வதா? அண்ணனுக்கான பதிலை ஆண்டவர் அன்றே சொல்லிவிட்டார்.

யூதப் போதகர்களை நான் கல்நெஞ்சர் என்று சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாளை மீறலாம் என்று அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவே சொல்கிறது. ஆனால் இயேசு ஓய்வுநாளில் சுகமாக்கியவர்கள் யார்? சூம்பின கையுடையவன், நீர்க்கோவை வியாதிக்காரன், பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் நோயில் கிடந்தவன், பிறவிக்குருடன். பெரும்பாலும் நாள்பட்ட நோயாளிகள். மறுநாள் வரை உயிரோடு இருந்திருப்பார்கள். தெரிந்தேதான் அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். கப்பர்நகூம் ஊரில் ஒரு ஓய்வுநாளில் ஜனங்கள் சூரியன் சாயும் வரை காத்திருந்து பிணியாளிகளைக் கொண்டுவந்தார்கள், உண்மைதான். அதற்குள்ளேயே அவர் சீஷன் சீமோனின் மாமியைக் கைதூக்கி எழுப்பிவிட்டார்!

அந்தக் கட்டளை உள்ள யாத்திராகமம் 20ஐ அண்ணன் அழகாக வாசித்தார். அதே கட்டளையை மறுபடியும் சொல்லும் உபாகமம் 5ஐயும் வாசித்திருக்கலாம். எகிப்தில் நீ அடிமையாக இருந்ததை நினை, ஆகையால் ஓய்வுநாளை ஆசரி என்கிறது அது. விடுதலையின் நாள் அது. கட்டப்பட்டவளை அந்த நாளில் அவிழ்க்காமல் வேறு எந்த நாளில் அவிழ்ப்பது?

என் ஆச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பீடி சுற்றியே முதுகு வளைந்தவள். மடியில் சுளகை வைத்து, இலையில் தூளைப் பரப்பிச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை நகத்தால் மடக்குவாள். ஞாயிறு காலையில் கோயிலுக்கு வருவாள். சாயங்காலம் மறுபடியும் சுளகை எடுப்பாள். திங்கட்கிழமை பீடிக்கடையில் கணக்கு ஒப்படைக்க வேண்டுமே! ஓய்வுநாளை ஆசரிக்காதவள் என்று ஒருவர் அவளைக் கோயில் வாசலில் வைத்தே கடிந்துகொண்டார். பதில் பேசாமல் வீட்டுக்கு வந்தாள். அன்று இரவு என்னை அழைத்து, "அந்தக் கூனியின் கதையை வாசி ராசா" என்றாள். எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'ஆபிரகாமின் குமாரத்தி' என்ற இடம் வந்ததும், "மறுபடியும் வாசி" என்றாள். வாசித்தேன். இன்னொரு முறை கேட்டாள்.

ஆச்சி நிமிரவே இல்லை, சபையாரே. சவப்பெட்டியில் நேராகக் கிடத்த முடியாமல் முதுகுக்கு அண்டை கொடுத்து வைத்தோம். அப்படியானால் அற்புதம் எங்கே என்று அண்ணன் கேட்பார். கேட்கட்டும். தன்னைப் போன்ற ஒருத்தியை ஆண்டவர் சாயங்காலம் வரை காக்க வைக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த முதுகோடு கோயில் படி ஏறினாள். உயிர்த்தெழும் நாளில் நிமிர்ந்து நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள் என்று நான் விசுவாசிக்கிறேன். இதற்கு என்னிடம் வாதம் கிடையாது. நடுவர் ஐயா, என் ஆச்சிக்காகத் தீர்ப்பை எங்கள் அணிக்குச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.