மழைக்கு முன் மேசையைக் காலி செய்வோம்

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். அதனால் பலருடைய மேசைகளும் பின்னறைகளும் எனக்குப் பழக்கம். எங்கே போனாலும் ஒரு மூலை இருக்கும். அங்கே ஒரு பழைய பிரின்டர், கைபிடி கழன்ற கதிரை, இரண்டு மூன்று கீபோர்ட், பிரிக்காத நாட்காட்டிக் கட்டு. கேட்டால், "கிடக்கட்டும், எப்பவாவது உதவும்" என்பார்கள். இப்படிச் சும்மா கிடக்கும் சாமான்களை யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

அது நம்முடைய ஊரில் சரிவராத கணக்கு. நகரத்துக்கு ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். காற்றோடு உப்பும் வந்து எல்லாவற்றின் மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். மழையே பெய்யாத நாளிலும் பைலில் குத்திய குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை விடுவது இதனால்தான். இங்க் பிரின்டரைச் சும்மா வைத்தால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். மின்சாரம் நின்றால் கணினியைத் தாங்கும் யூபிஎஸ்ஸின் பற்றரி மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து செத்துவிடும். ஒக்டோபரில் மழை பிடித்தால் மிச்சத்தைப் பூஞ்சணமும் கறையானும் பார்த்துக்கொள்ளும். 'எப்பவாவது' வருவதற்குள் பொருள் போய்விடுகிறது. கொடுப்பதென்றால் அது வேலை செய்யும்போதே கொடுத்துவிட வேண்டும்.

சரி, யாருக்குக் கொடுப்பது? முதலில் கேளுங்கள். "இன்ன சாமான் இருக்கிறது, இந்த நிலையில் இருக்கிறது, தேவையா?" என்று கேட்டு, "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு இடம் விடுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே பாடசாலை வாசலில் போய் இறக்கிவிடுகிறார்கள். அதிபர் மரியாதைக்காக வாங்கிக்கொள்வார். அரச பாடசாலையில் ஒரு பொருளைப் பொருட்பதிவேட்டில் ஏற்றிவிட்டால், அது உடைந்தாலும் நினைத்தபடி வீசிவிட முடியாது. ஆண்டுக்கொரு முறை பொருட் கணக்கெடுப்புக் குழு பார்த்து, கழிக்கலாம் என்று எழுதும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். உங்கள் மூலையில் இருந்தது அவருடைய மூலைக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அரச அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் இதே விதிதான். உங்கள் மேசையில் இருந்தாலும் அது உங்கள் பொருள் அல்ல, விருப்பப்படி தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

முன்பள்ளிகளுக்கு ஒரு பக்கம் வெறுமையான தாளும் நாட்காட்டியின் பின்பக்கமும் நன்றாகவே பயன்படும். பிள்ளைகள் கீறித் தள்ளுவார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் மேசை விளக்கும் கல்குலேற்றரும் இரண்டாம் நாளே வேலைக்கு வந்துவிடும். புதிதாகக் கடை திறப்பவருக்கு இரும்பு அலுமாரி பெரிய உதவி. திறப்பையும் சேர்த்துக் கொடுங்கள். திறப்பில்லாத அலுமாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுதிய தாள் வேறு கதை. கடற்கரையில் வடை சுற்றித் தரும் தாளை விரித்துப் பாருங்கள், யாருடையதோ கணக்கு இருக்கும். அடையாள அட்டைப் பிரதி, வங்கி விபரம், சம்பளச் சீட்டு இவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் கிழித்து நனைத்துக் கூழாக்கிவிடுங்கள். கணினி கொடுத்தாலும் அப்படித்தான். பைலை 'டிலீற்' செய்தால் மட்டும் போதாது, அதை மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை முழுமையாக மேலெழுதி அழிக்க வேண்டும், அல்லது கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

செத்த யூபிஎஸ் பற்றரியையும் பெட்டி போன்ற பழைய மொனிற்றரையும் யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்காதீர்கள். இரண்டிலும் ஈயம் இருக்கிறது, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இருக்கக்கூடாது. மின்னணுக் கழிவு சேர்ப்பவர்களிடம்தான் போக வேண்டும். செம்புக்காக வயரை வளவில் போட்டு எரிப்பதும் வேண்டாம்.

முடிவெடுக்க முடியாத சாமான்களுக்கு, நம் வைத்தியசாலைகளும் அலுவலகங்களும் பின்பற்றும், வேண்டாததை அகற்றி இடத்தை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய ஐந்து எஸ் முறையில் ஒரு வழி இருக்கிறது. சிவப்புச் சீட்டு ஒட்டி, திகதி எழுதித் தனியே வையுங்கள். குறித்த காலத்துக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது போகலாம். திகதியை மட்டும் பெரிதாக எழுதுங்கள், இல்லையென்றால் சீட்டோடு சேர்ந்து அதுவும் அந்த மூலையில் நிரந்தரமாகிவிடும். நன்றி, வணக்கம்.