கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக

நண்பர்களே, பள்ளிப் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டால் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "யார் தூண்டிவிட்டது?" 1976-இல் தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசும் தூண்டிவிட்டவர்களைத்தான் தேடியது. என்னைக் கேட்டால், சொவெட்டோ பிள்ளைகளைத் தூண்டிவிட்டது கணக்குப் பாடம்.

ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே கறுப்பின மக்களை ஒதுக்கி வைத்திருந்த இடம் சொவெட்டோ. அங்கே பள்ளிகளில் கணக்கையும் சமூகப் பாடத்தையும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு. ஆளுகிறவர்களின் மொழி அது. பாடம் எடுக்க வேண்டிய ஆசிரியர்கள் பலருக்கே சரியாக வராது. வாத்தியாருக்கே பிடிபடாத மொழியில் பிள்ளை எப்படிக் கணக்குப் போடும்? மே மாதம் ஆர்லாண்டோ வெஸ்ட்டில் ஒரு பள்ளியில் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அப்புறம் மற்ற பள்ளிகளுக்கும் பரவியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உத்தரவு விழுந்தது கீழ் வகுப்புகள் மீது. மேல் வகுப்பு மாணவர்கள் பேசாமல் பரீட்சை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். மாரிஸ் ஐசக்சன் பள்ளியின் சிட்சி மாஷினினி போன்றவர்கள் அப்படிப் போகவில்லை. குழு அமைத்தார்கள், ஊர்வலத்துக்கு ஜூன் 16 என்று நாள் குறித்தார்கள். பல வீடுகளில் பெற்றோருக்கே விஷயம் தெரியாது. கையில் பிடித்த அட்டை ஒன்றில் இப்படி எழுதியிருந்தது: "நாங்கள் ஆப்பிரிக்கான்ஸ் படிக்க வேண்டுமென்றால், வோர்ஸ்டர் சுலு படிக்கட்டும்." வோர்ஸ்டர் அப்போதைய பிரதமர். சுலு, கறுப்பின மக்களின் மொழிகளில் ஒன்று. இந்தக் குறும்பை எந்தப் பெரியவரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார் என்பது என் கட்சி.

சீருடையோடு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சன் விழுந்தான். 18 வயது எம்புயிசா மகூபோ அவனைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஓடுகிறான். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஹெக்டரின் அக்கா அன்டாய்னெட் அலறிக்கொண்டு ஓடுகிறாள். இந்தக் காட்சியைப் படமெடுத்த பத்திரிகைப் புகைப்படக்காரர் சாம் நிசிமா பிலிம் சுருளைக் காலுறைக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். இல்லையென்றால் நமக்கு அந்தப் படமே கிடைத்திருக்காது.

அடுத்த மாதமே அரசு உத்தரவைக் கைவிட்டது. சரி, சாவு நின்றதா? இல்லை. நாட்டின் பல பகுதிகளில் மாதக்கணக்கில் நீண்ட கொந்தளிப்பில் 575 பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணைக் குழுவே கணக்குச் சொன்னது. நாட்டை விட்டுத் தப்பிய மாஷினினி 1990-இல் கினியாவில் இறந்தார். மகூபோவும் போலீஸ் தொல்லை தாங்காமல் எல்லை தாண்டினார். 1978-இல் நைஜீரியாவிலிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை.