வாட்ச்மேனுக்கு எத்தனை சீன்?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கதை எழுதுகிறவன் இல்லை, நடிக்கிறவனும் இல்லை. ஊட்டியில் சினிமாக்காரர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பவன். பங்களா, ஜீப், ஜெனரேட்டர் வண்டி நிறுத்த ஒரு சமதரை, விடிவதற்குள் எழுபது பேருக்கு இட்லி. இதுதான் என் தொழில். என் அப்பா இந்துநகர் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1967-இல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை அது. பிலிமில் வெளிச்சம் படக்கூடாது என்பதால் பகல் முழுக்க இருட்டுக்குள் வேலை. "நாங்க இருட்டுல கஷ்டப்பட்டு பிலிம் செய்யறோம், அவனுங்க வெளிச்சத்துல வீணாக்கறானுங்க" என்பார். மகன் அந்த 'அவனுங்க' கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

மலைக்கு வரும் பணக்காரக் குடும்பத்தின் கலாட்டாப் படங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சரி என்றேன். அந்தக் குடும்பத்துக்கு எத்தனையோ தடவை நான்தான் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

குடும்பத்தை உங்களுக்கும் தெரியும். சால்வை போர்த்திய ஒரு தாத்தா. அவருக்குப் பிள்ளைகள் மூன்று, மருமகள்கள் மூன்று, வெளிநாட்டிலிருந்து வந்த பேரன் ஒருவன், வீட்டோடு மாப்பிள்ளை ஒருவர். உயில் எங்கேயோ இருக்கிறது. மூன்று கார்களில் மலையேறுகிறார்கள். வழியில் பெட்டி மாறிவிடுகிறது. பங்களாவில் ஒரு திருடன், ஒரு போலி டாக்டர், ஒரு பேய். கடைசி இருபது நிமிடம் எல்லாரும் எல்லாரையும் துரத்துகிறார்கள்.

இதற்கு ஏன் மலை? குளுகுளுவென்று இருக்கும், பாட்டு எடுக்கலாம் என்பதெல்லாம் தயாரிப்பாளர் சொல்லும் காரணம். கதைக்கு வேறு காரணம் இருக்கிறது. சென்னையில் மாமனாரோடு சண்டை போட்ட மாப்பிள்ளை ஓர் ஆட்டோ பிடித்துப் போய்விடுவான், கதையும் அதோடு போய்விடும். இங்கே கோபித்துக்கொண்டு போவது அவ்வளவு சுலபம் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கினால் 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கினால் 36. நான்கு மணிக்கு மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்குகூடத் தெரியாது. "இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டுப் போனவர், மூன்றாவது வளைவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அவர் வந்து உட்காரும்போது யாரும் எதுவும் கேட்காமல் குழம்பைத் தள்ளி வைப்பார்கள் பாருங்கள், காமெடி அங்கேதான் இருக்கிறது.

பாதை அடைபட்டுப்போவதற்கு மண்சரிவை வைத்து எழுதிக்கொண்டு வருவார்கள் சில உதவி இயக்குநர்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். 2009 நவம்பரில் இங்கே மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். எங்கள் ஊரில் அந்த வார்த்தைக்கு யாருக்கும் சிரிப்பு வராது. அதற்குப் பதிலாக இ-பாஸ் வைத்துக்கொள்ளுங்களேன் என்பேன். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். கோடீஸ்வரத் தாத்தா சோதனைச்சாவடியில் இறங்கி நின்று போனில் சிக்னல் தேடட்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் பறித்துக்கொள்ளட்டும். சொத்து முழுக்க பாட்டில் தண்ணீர் கம்பெனியில் வந்தது என்று வைத்துவிட்டால் இன்னும் விசேஷம். இதுவரை ஒருவரும் கேட்டபாடில்லை.

இந்த வகையில் நமக்கு மூத்த படம் என்று எல்லாரும் சொல்வது 1964-இல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. எஸ்டேட், பங்களா, பணக்கார அப்பா எல்லாம் உண்டு. ஆனால் எடுத்தது எங்கள் மலையில் இல்லை, ஆழியாறு பக்கம். அதில் எங்களுக்கு இன்றைக்கும் ஒரு சின்னப் பொறாமை. நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்கிற காட்சியை நீங்கள் பலதடவை பார்த்திருப்பீர்கள். ஒருதடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். கதை என்று பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை, சத்தம்தான். அந்தச் சத்தத்துக்குப் பாலையாவின் மூச்சு பதில் சொல்கிறது. வானொலிக்கென்றே எழுதியது போல இருக்கும்.

நான் சொல்ல வந்தது அந்தக் காட்சி அல்ல. அந்தப் படத்தில் கதையை நகர்த்துவது யார் என்று பாருங்கள். எஸ்டேட்டிலிருந்து வேலையை விட்டு நிறுத்தப்பட்ட பையன். வீட்டுக்கு வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்து வேலை கேட்கிறான். அப்புறம் நண்பனுக்குக் கிழவர் வேஷம் போட்டு, பணக்கார அப்பா என்று கூட்டி வருகிறான். முதலாளியின் மகன் சொந்தப் படக் கம்பெனிக்குக் கதாநாயகி பிடிப்பதும் எஸ்டேட் மேனேஜர் வீட்டில்தான். பங்களாவுக்குள் இருக்கிறவர்கள் ஆடுகிறார்கள், ஆட்டுவிக்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

1990-இல் வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம். பணக்கார வீட்டில் பிறந்த நான்கு பேரில் ஒருவன்தான் பணக்காரனாக வளர்கிறான். மற்றவர்களில் ஒருவன் சமையல்காரன், ஒருவன் தீயணைப்பு வீரன், ஒருவன் திருடன். வாரிசும் வேலைக்காரனும் ஒரே முகம்! கடைசியில் மலை விளிம்பில் ஒரு வீடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும், உள்ளே கதையில் உள்ள முக்கால்வாசிப் பேர். ஓர் ஆள் ஓரடி எடுத்து வைத்தால் எல்லாரும் சரிய வேண்டும். கூட்டமாக நடிக்கும் காமெடி எப்படி இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்த வீட்டைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். இப்போது வருகிற கதைகளில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கொரு ஜோக் சொல்லிவிட்டு ஓரமாக நிற்கிறார்கள். ஒருவர் நகர்ந்தால் இன்னொருவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

அதனால் கதை சொல்ல வருகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "வாட்ச்மேனுக்கு எத்தனை சீன்?" இரண்டு என்பார்கள். கேட்டைத் திறப்பது ஒன்று, மூடுவது ஒன்று. சரி, பங்களா வாடகையை முன்கூட்டியே வாங்கிவிடலாம், இந்தப் படம் தேறாது என்று முடிவு செய்துகொள்வேன். இதை ஜோசியம் என்று நினைக்காதீர்கள், அனுபவம்.

எங்கள் மலை ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் இயக்குநர், தாத்தா முதல் பெட்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருக்க, அவருக்கு முன்னால் இன்ஜின் புகை விட்டுக்கொண்டு மலையேற வேண்டும் என்றார். "அப்படி ஏறாதுங்க சார், இன்ஜின் பின்னாலதான் இருக்கும்" என்றேன். நம்பவில்லை. 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்பு, அதில் பல்சக்கரம் மாட்டித்தான் ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இருந்து, கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் பின்னால் ஓடிவிடும். அதனால் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளும். இயக்குநர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப தாத்தா முன்னால சும்மாதான் உட்கார்ந்திருக்காரா?" என்றார். "ஆமாங்க, சும்மாதான்" என்றேன். அதைவிட நல்ல வசனம் அவர் படத்தில் இல்லை, ஆனால் அதை அவர் வைத்துக்கொள்ளவும் இல்லை.

குன்னூர் பக்கம் ஒரு படம் எடுத்தார்கள். பெயர் வேண்டாம், வெளியே வரவில்லை. பதினோரு பேர் குடும்பம். முதல் நாள் புல்வெளியில் தேநீர்க் காட்சி. மூத்த மருமகள் ஒரு போண்டாவைக் கடித்துக்கொண்டே உயில் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். பதினோரு பேரில் யாராவது ஒருவர் வசனத்தை மறப்பார், யாராவது சிரித்துவிடுவார். ஒவ்வொரு டேக்குக்கும் புதுப் போண்டா. ஒரு வழியாக எல்லாரும் சரியாகச் செய்தபோது மணி மூன்று, மஞ்சு வந்து பங்களாவையே மூடிவிட்டது. மிச்சம் மறுநாள். மறுநாள் போண்டா நேற்றைய அளவில் இல்லை என்று கன்டினியூட்டி பார்க்கிற பெண் கண்டுபிடித்துவிட்டாள். சமையல்காரர் மறுபடி மாவு கரைத்தார். அந்த நடிகை இன்றுவரை போண்டா தொடுவதில்லை என்று கேள்வி.

இதில் இன்னொரு கூத்து, வெளிக்காட்சிகள் இங்கே, உள்காட்சிகள் சென்னையில் செட் போட்டு. வாசலில் பேசும்போது வாயிலிருந்து புகை வரும். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் அதே ஸ்வெட்டருக்குள் வேர்த்து ஊற்றும்.

மூன்றாம் நாள் காட்டுமாடு வந்துவிட்டது. குன்னூர் பக்கம் இது அதிசயம் இல்லை. தேயிலைக்குள்ளிருந்து மெதுவாக வந்து, ஆர்ட் டிபார்ட்மென்ட் நட்டு வைத்த பூச்செடிகளை வரிசையாகத் தின்றது. பட்டும் கோட்டுமாக இருந்த குடும்பம் வராந்தாவில் ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. தாத்தா வேஷம் போட்டவர் சால்வையை விட்டுவிட்டு முதல் ஆளாக ஓடினார். பங்களாவின் நிஜ வாட்ச்மேன், வயதானவர், கேட்டருகே நின்று பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "கூச்சல் போடாதீங்க சாமி. அது செடி திங்க வந்துருக்கு, உங்களத் திங்க வரல."

யூனிட் முழுக்கச் சிரித்தது. நான் இயக்குநரைப் பார்த்தேன். அவர் எழுதிய வாட்ச்மேனுக்கு இரண்டு சீன், நடிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆள். அந்த ஆள் கேட்டைத் திறக்க முடியாமல் நான்கு டேக் வாங்கியதையும் பெரியவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கீல் தொங்கிப்போன கேட் அது. "தூக்கித் தள்ளணும். இந்த ஊட்டுல இருக்கறவனுக்குத் தெரியும்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் பணம் நின்றுபோனது. யூனிட் இறங்கிவிட்டது. என் ஜீப் வாடகை இன்னும் வர வேண்டியிருக்கிறது, அந்தக் கதை வேண்டாம்.

போன கோடையில் வேறு ஒரு கம்பெனிக்காக அதே பங்களாவுக்குப் போனேன். படத்துக்காக எழுதி மாட்டிய ஜமீன் பெயர்ப்பலகையை யாரும் கழற்றவில்லை. கேட்டுக்கு வெளியே திருப்பூர் வண்டி ஒன்று, குடும்பமாக இறங்கி நிற்கிறார்கள். யார் வீடு என்று கேட்டிருக்கிறார்கள் போல. பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்: பதினோரு பேருங்க, உயிலுக்காக வந்தாங்க, தாத்தா சாகாமலே செத்த மாதிரிப் படுத்துக்கிட்டாரு, மூத்த மருமகதான் போண்டா திங்கறப்ப உளறிட்டா.

நான் ஓரமாக நின்றேன். எடுக்காமல் விட்ட கடைசி இருபது நிமிடத் துரத்தலும் வந்தது, அதற்கு நடுவில் காட்டுமாடும் வந்தது. சின்னப் பையன் ஒருவன், "அப்புறம் யாருக்குங்க தாத்தா சொத்து போச்சு?" என்றான்.

பெரியவர் கேட்டைத் தூக்கித் தள்ளித் திறந்தபடி, "இரு, ஜீப் வந்துருக்கு. அவங்கள உள்ள விட்டுட்டு வந்து சொல்றேன்" என்றார்.

வணக்கம்.