சந்தைக்கு வந்த எலியின் சொந்தபந்தம்

நண்பர்களே, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அல்சூர் டிராஃபிக்கைத் தாண்டி, ஓர் எலியின் கதையைக் கேட்க வந்திருக்கிறீர்கள். உங்கள் பொறுமைக்கு முதலில் ஒரு கும்பிடு.

1996இல் லாவோஸ் நாட்டின் தாக்கேக் ஊர்ச் சந்தையில், கறிக்காக விற்க வைத்திருந்த ஒரு பிராணி ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. கருஞ்சாம்பல் உடல், நீண்ட மீசை, வால் முழுக்க அடர்ந்த முடி. ஊர்க்காரர்களுக்கு அது புதிதே இல்லை. கா-ன்யூ என்பார்கள், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் பொறி வைத்துப் பிடித்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் பாலினா ஜென்கின்ஸ் குழு அதற்கு லாவோனாஸ்டிஸ் என்று பெயரிட்டது. எலும்பையும், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் டிஎன்ஏவையும் பார்த்து, முள்ளம்பன்றியும் கினிப்பன்றியும் உள்ள பெருங்கிளையில் ஒரு புதுக் குடும்பமாகச் சேர்த்தது.

அடுத்த வருஷமே மேரி டாசன் குழு மறுத்தது. அவர்கள் பார்த்தது பல்லையும் தாடையையும். கடைவாய்ப்பல் ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு மேடுகள். ஆசியாவில் கிடைத்த டயட்டோமிஸ் என்ற புதைபடிவ எலிக்கும் அப்படித்தான். ஆக, இது அதன் குடும்பம் என்றார்கள். அந்தக் குடும்பமோ 1.1 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்ததாக நம்பப்பட்டது!

சரி, யார் சொல்வதை எடுத்துக்கொள்வது? அத்தனை பழைய பல்லில் டிஎன்ஏ கிடைக்காது. ஆனால் சுற்றிவளைத்துச் சோதிக்க வழி இருந்தது. டாசன் சொல்வது உண்மையென்றால், அந்தப் புதைபடிவக் குடும்பத்தின் உறவுப்படி, இன்று உயிரோடிருப்பவற்றில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்கப் பாறைகளில் வாழும் ஒரு கொறிணியாக இருக்க வேண்டும். அதன் ஆங்கிலப் பெயரைத் (gundi) தமிழில் உரக்கச் சொன்னால் சபையே சிரித்துவிடும். சீப்புவிரல் எலி என்று வைத்துக்கொள்வோம்.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வேகமாக மாறும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒரே இடத்து எழுத்து பலமுறை மாறி, பழைய தடயம் அழிந்துவிடும். அதனால் 2007இல் டோரத்தே ஹுசோன் குழு இரண்டு மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோடு, செல்லின் உட்கருவில் இருக்கும், மெதுவாக மாறும் நான்கு மரபணுக்களையும் சேர்த்துப் படித்தது. அதோடு விடவில்லை. டிஎன்ஏவில் சில துண்டுகள் தம்மையே நகலெடுத்து, கண்ட இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாணவர்களின் விடைத்தாளில் ஒரே வரியில் ஒரே பிழை இருந்தால் ஆசிரியர் என்ன முடிவுக்கு வருவார்? அதே கணக்குதான் இங்கேயும். ஒரே இடத்தில் ஒரே துண்டு இருந்தால் மூதாதை ஒன்று. அப்படி 11 இடங்களைப் பார்த்தார்கள். விடை சீப்புவிரல் எலிதான். இரண்டும் பிரிந்து சுமார் 4.4 கோடி ஆண்டுகள்.

‘டிஎன்ஏ எடுத்தாச்சு, முடிஞ்சது’ என்பவர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன். முதல் டிஎன்ஏ வழி தப்பியது. எங்கே தேட வேண்டும் என்று காட்டியது பல்.

நம் பக்கம் இப்படி ஏதும் இல்லையா என்பீர்கள். குடகிலும் கேரள மலைகளிலும் களக்காட்டிலும், முதுகில் முள்முடியும் வால் நுனியில் குஞ்சமும் கொண்ட பிளாட்டகாந்தோமிஸ் என்ற எலி மரப்பொந்துகளில் வாழ்கிறது. 1859இல் விலங்கியலாளர் எட்வர்ட் பிளைத் பெயரிட்டது. தோற்றத்தை நம்பி அதை, குஞ்சவால் கொண்ட டார்மவுஸ் என்ற சிறு கொறிணிகளின் கூட்டத்தில் சேர்த்திருந்தார்கள். அப்புறம் 2009இல் வந்த மரபணு ஆய்வில், இதன் குடும்பம் எலி, சுண்டெலிகளின் பெருங்கூட்டத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வின் மையத்தில் இருந்தது நம் மலை எலி இல்லை. சீனா, வியட்நாம் காடுகளில் வாழும் அதன் பங்காளி டிஃப்லோமிஸ்.