ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்: எனக்கு இது ரெட்டின் படம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு "தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்". கதையை முழுசாகப் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

1994-ல் வந்த படம். ஸ்டீபன் கிங்கின் குறுநாவல், இயக்கம் ஃபிராங்க் டாரபான்ட். தியேட்டரில் ஓடவில்லை. 7 ஆஸ்கர் பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் வீடியோ கேசட்டிலும் டிவியிலும்தான் பிடித்துக்கொண்டது. சரி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படத்தைப் பற்றிப் பேசினாலே, கைதி ஆண்டி ஷாஷாங்க் ஜெயிலிலிருந்து தப்பிப்பதைத்தான் சொல்வார்கள். அந்தச் சாக்கடைக் குழாய், அந்த மழை. எனக்கோ படம் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது.

அது ஏன் என்று புரிய, அதற்கு முன்னாடியே வெளியே போன புரூக்ஸை முதலில் பாருங்கள். 50 வருடம் உள்ளே இருந்த கிழவர், ஜெயில் நூலகம் அவர் பொறுப்பில். பரோல் கிடைத்ததும், எப்படியாவது உள்ளேயே இருந்துவிட வேண்டும் என்று கூட்டாளி கழுத்திலேயே கத்தியை வைக்கிறார்! வெளியே மளிகைக் கடையில் பையில் சாமான் போட்டுக் கொடுக்கிற வேலை, ஒண்டியாக ஓர் அறை. உத்தரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டு அதிலேயே தொங்கிவிடுகிறார்.

ஆண்டியின் ஜெயில் சிநேகிதன் ரெட், 40 வருடம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வருகிறான். புரூக்ஸ் இருந்த அதே அறை. கடையில் பாத்ரூம் போவதற்குக்கூட மேலாளரிடம் அனுமதி கேட்கிறான். ரெட்டாக வரும் மார்கன் ஃபிரீமன் அங்கே பெரிதாக எதுவும் நடிக்கவில்லை, ஆனால் நமக்கு அடிவயிறு கலங்குகிறது. ஏனென்றால் புரூக்ஸ் போன வழியை நாம் பார்த்துவிட்டோம்.

அப்புறம் ஒரு கடை ஜன்னல். உள்ளே துப்பாக்கிகள். ரெட் பார்த்துக்கொண்டே நிற்கிறான். கேமரா மெல்ல நகர்ந்தால் பக்கத்திலேயே ஒரு திசைகாட்டி. அதைத்தான் வாங்குகிறான். ஆண்டிக்குக் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருக்கிறதே, பக்ஸ்டன் ஊர்ப் பக்கத்தில் அவன் சொன்ன கல்சுவர் ஓரம் போய்ப் பார்க்க வேண்டுமே! நம்பிக்கை என்று ஆண்டி ஜெயிலில் பேசியபோது, அது ஆளையே பைத்தியமாக்கும் என்று சொன்ன மனுஷன் இவன். இப்போது இவனைப் பிழைக்க வைப்பது சிநேகிதனிடம் சொன்ன ஒரு 'சரி'.

ஆண்டியைத் தேடி ரெட் பஸ்ஸில் போவதோடு முடிக்கத்தான் டாரபான்ட் நினைத்திருந்தார். கடற்கரையில் இரண்டு பேரும் சந்திப்பது தயாரிப்பு நிறுவனம் கேட்டுச் சேர்த்தது. பஸ்ஸே போதும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் நான் தயாரிப்பாளர் கட்சி. இரண்டேகால் மணி நேரம் இவ்வளவு பாடுபடுத்திவிட்டு, அந்த இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்க விடாமல் அனுப்பினால் எப்படிங்க?